கார் விற்ற பணத்தில் பாக்கி நின்றுவிட்டதா? முறைப்படி வசூலிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் தனிநபர்களுக்கு இடையே நடக்கும் பழைய கார் விற்பனையில், பேசிய விலை முழுவதும் வண்டி கைமாறும் அன்றே வந்து சேர்வது எப்போதும் நடப்பதில்லை. "பெயர் மாற்றம் முடிந்ததும் தருகிறேன்", "சம்பளம் வந்ததும் போட்டுவிடுகிறேன்" என்ற வாக்குறுதியின் பேரில் பத்தாயிரமோ முப்பதாயிரமோ நின்றுவிடுகிறது. சில வாரங்களில் வாங்கியவர் தொலைபேசியை எடுப்பதையும் நிறுத்திவிடுகிறார். தொகை சிறியது என்பதால் வழக்கறிஞரை அமர்த்துவது கட்டுப்படியாகாது என்று தோன்றும். உழைத்துச் சேர்த்த பணம் என்பதால் விட்டுவிடவும் மனம் வராது. அத்தகைய சிறு பாக்கியை மட்டுமே இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. வழிகளை எந்த வரிசையில் கையாள வேண்டுமோ அந்த வரிசையிலேயே தந்திருக்கிறேன். இடையில் ஒன்றைத் தாண்டிச் சென்றால் பின்னால் வருவது பலவீனப்படும்.

முதற்படி: பெயர் மாற்றத்தைப் பிணையாக வைக்காதீர்கள்

பாக்கி வைத்துவிட்டுப் போகிறவரிடமிருந்து பிடிமானமாக எதையாவது நிறுத்திவைக்க வேண்டும் என்று விற்பவருக்குத் தோன்றுவது இயல்பு. ஆகவே பலர் ஆர்.சி. புத்தகத்தைக் கொடுக்காமலும், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திடாமலும், வங்கிக் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ஐக் கையில் வைத்துக்கொண்டும் காத்திருக்கிறார்கள். சிறு பாக்கிக்காக ஒருவர் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிட ஆபத்தானது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், பதிவில் பெயர் உள்ளவர் தன் காரை 2007-லேயே விற்றுவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு வண்டி பல கைகள் மாறி, 2009-இல் ஓர் உயிரிழப்பு விபத்தில் சிக்கியது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. செல்லத்தக்க காப்பீடு இருக்கும்வரை அந்தச் சுமையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கலாம். ஆனால் வாங்கியவர் பாலிசியைப் புதுப்பிக்காமல் ஓட்டினால், இருபதாயிரம் ரூபாய் பாக்கிக்காக ஆர்.சி.யைப் பிடித்துவைத்தவர் பல லட்ச ரூபாய் இழப்பீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். போக்குவரத்து விதிமீறல் அபராதங்களும் அதுவரை உங்கள் பெயருக்கே வரும்.

பாக்கி வந்தாலும் வராவிட்டாலும், விற்ற 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது அதே சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி விற்றவரின் கடமை. 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டியது வாங்கியவரின் கடமை. எனவே படிவம் 29-ஐயும், வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட்டின் நகலையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கோடு இணைந்த ஃபாஸ்டேகை மூடிவிடுங்கள். இல்லையென்றால் பாக்கி வைத்தவரின் சுங்கக் கட்டணத்தையும் நீங்களே கட்டிக்கொண்டிருப்பீர்கள். பெயர் மாறிவிட்டதா என்பதை எம்-பரிவாகன் செயலியில் அவ்வப்போது பார்த்துவரலாம்.

பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் பிடி நழுவிவிடாதா என்று கேட்கலாம். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன்படி, விலை வராத விற்பனையாளருக்குப் பொருளை நிறுத்திவைக்கும் உரிமை உண்டு என்றாலும், அந்த உரிமை பொருள் அவர் கையில் இருக்கும்வரை மட்டுமே நிற்கும். வண்டியை ஒப்படைத்த அன்றே அது போய்விடுகிறது. அதற்குப் பின் அவருக்கு மிஞ்சுவது விலையைக் கேட்டு வழக்கிடும் உரிமை, அதாவது 55-ஆம் பிரிவு. இந்த உரிமை ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. மேலும், வாங்கியவரின் பெயருக்கு மாறிய வண்டி அவருடைய சொத்து என்பதற்குப் பதிவே சான்றாகிவிடுவதால், பின்னாளில் அதை நீதிமன்றத்தின் மூலம் ஜப்தி செய்வதும் எளிதாகும்.

இரண்டாவது சாவியால் வண்டியை எடுத்துவந்துவிடலாம் என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். விற்று ஒப்படைத்த வண்டியை அவர் சம்மதமின்றி எடுத்தால், பணம் வர வேண்டியவர் திருட்டுப் புகாருக்கு ஆளாவார்.

பாக்கி உண்மையில் கெடு கடந்துவிட்டதா?

பலர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை. "பெயர் மாற்றம் முடிந்ததும் மீதி" என்று பேசியிருந்து, நீங்கள் படிவம் 35-ஐத் தராததால் பெயர் மாற்றம் நின்றிருந்தால், அந்தப் பாக்கி இன்னும் கேட்கக்கூடியதாகவே ஆகவில்லை. விற்பதற்கு முன் விழுந்த அபராதங்களைக் கட்டிவிடுவதாகச் சொல்லிக் கட்டாமல் விட்டிருந்தாலும் நிலைமை இதுதான். உங்கள் பக்கத்துக் கடமைகளை முதலில் முடியுங்கள். முடித்த தேதியை எழுத்தில் தெரிவியுங்கள்.

அடுத்து, வாங்கியவர் சொல்லப்போகும் குறைகளை எண்ணிப் பாருங்கள். பணம் கேட்ட மறுநாளே கியர்பாக்ஸ் சத்தம் போடத் தொடங்குவது இத்தகைய விற்பனைகளில் பழகிப்போன காட்சி. பழைய பொருளைப் பார்த்து, ஓட்டிப் பார்த்து வாங்கியவர் பின்னால் தரத்தைக் குறை சொல்வதைச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. எனினும் "விபத்தில் அடிபடாத வண்டி" என்றோ "ஓடிய தூரம் இவ்வளவுதான்" என்றோ நீங்கள் உறுதி கூறியிருந்து, அது தவறு என்று தெரியவந்தால், அந்த அளவுக்கு விலையைக் குறைக்கும்படி கேட்க சரக்கு விற்பனைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு அவருக்கு இடம் தருகிறது. உங்கள் விளம்பரத்தையும் செய்திகளையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். அவர் சொல்வதில் நியாயம் இருந்தால், அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்பதே லாபம்.

ஆதாரங்களைத் திரட்டுதல்

பேசிய விலை என்ன, வந்தது எவ்வளவு, மீதி எவ்வளவு, அதைத் தர ஒப்புக்கொண்ட நாள் எது ஆகிய நான்கையும் காட்ட முடிந்தால் வழக்கின் பெரும்பகுதி முடிந்த மாதிரி. விற்பனை ஒப்பந்தம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் டோக்கன் அட்வான்ஸ் ரசீது, டெலிவரி நோட்டு, வங்கிக் கணக்கு விவரம், யு.பி.ஐ. பதிவுகள், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றிலிருந்து இந்த நான்கையும் சேர்த்தெடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய உரிய சான்றிதழ் தேவை. பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த 65-பி சான்றிதழின் இடத்தில் இப்போது இருப்பது இதுதான். ஆகையால் பேசியிருந்த கைபேசியை மாற்றவோ, உரையாடலை அழிக்கவோ வேண்டாம்.

ஆதாரம் மெலிந்திருந்தால், சண்டையைத் தொடங்கும் முன் அமைதியான ஒரு செய்தி அனுப்புங்கள்: "சார், மீதி 25,000 ரூபாயில் இந்த மாதம் எவ்வளவு முடியும் என்று சொன்னால் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்வேன்." "அடுத்த மாதம் 10-ஆம் தேதி தருகிறேன்" என்று அவர் பதில் அனுப்பினால், தொகையும் கடனும் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டன. கோபமான செய்திக்கு இந்த மாதிரிப் பதில் ஒருபோதும் வராது.

கால வரம்பையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கால வரையறைச் சட்டம், 1963-இன்படி வழக்கிட மூன்று ஆண்டுகள் உண்டு. தவணை நாள் எதுவும் பேசாமல் ஒப்படைத்திருந்தால் ஒப்படைத்த நாளிலிருந்தும், தவணை நாள் குறித்திருந்தால் அந்த நாள் கடந்ததிலிருந்தும் இது எண்ணப்படும். காலம் முடிவதற்குள் அவர் கையெழுத்திட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும்.

கேட்பு மடல்

வக்கீல் நோட்டீசுக்கு முன் நீங்களே ஒரு மடல் எழுதுவது நல்லது. அதற்குச் செலவு தபால் கட்டணம் மட்டுமே. 1978-ஆம் ஆண்டின் வட்டிச் சட்டத்தின்படி, வட்டி பற்றி ஒப்பந்தம் ஏதும் இல்லாதபோது, வட்டி கோரப்படும் என்று எழுத்தில் அறிவித்த நாளிலிருந்து நீதிமன்றம் வட்டி வழங்கலாம் என்பதும் இதற்கு ஒரு காரணம். மடல் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"ஐயா, வணக்கம். (பதிவு எண்) கொண்ட என் காரைத் தாங்கள் 2,60,000 ரூபாய்க்கு வாங்கி, (தேதி) அன்று பெற்றுக்கொண்டீர்கள். இதுவரை 2,35,000 ரூபாய் செலுத்தியுள்ளீர்கள். மீதி 25,000 ரூபாயை (தேதி)க்குள் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தீர்கள். அது இன்னும் வந்து சேரவில்லை. பெயர் மாற்றத்துக்கான ஆவணங்கள் அனைத்தையும் (தேதி) அன்று தங்களிடம் ஒப்படைத்துவிட்டேன். இம்மடல் கிடைத்த 15 நாட்களுக்குள் இத்தொகையைக் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால், இம்மடலின் தேதியிலிருந்து வட்டியுடன் தொகையைப் பெற உரிய சட்ட நடவடிக்கை எடுப்பேன். தவணைகளாகச் செலுத்த விரும்பினால் எழுத்தில் தெரிவிக்கலாம்."

இதில் வசையும் இல்லை, போலீசும் இல்லை. நாளை இது நீதிபதியின் மேசைக்குப் போகும் ஆவணம் என்பதை நினைவில் வைத்து எழுத வேண்டும். 2025-இல் பதிவுத் தபால் சேவை விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவுத் தபாலில் பதிவு வசதியுடனும் ஒப்படைப்புச் சான்றுடனும் அனுப்பி, அதே மடலின் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். மடல் வாங்கப்படாமல் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

அவருடைய அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்வதும், உறவினர் குழுவில் அவர் படத்தைப் போட்டு மானத்தை வாங்குவதும் சில நேரங்களில் பணத்தைக் கொண்டுவரும் என்று சொல்பவர்கள் உண்டு. அவதூறு வழக்கையும் அது கொண்டுவரும்.

அவகாசம் கேட்டால்: புரோநோட்டும் காசோலையும்

மடலுக்குப் பிறகு பெரும்பாலானோர் கேட்பது அவகாசம். அவகாசத்தைக் கொடுக்கலாம், ஆனால் விலை இல்லாமல் கொடுக்கக் கூடாது. அந்த விலை, அவர் கையெழுத்திட்ட ஒரு புரோநோட்டு அல்லது தேதியிட்ட காசோலைகள். ஆர்.சி.யைப் பிடித்துவைப்பதால் கிடைப்பதாக நினைத்த பிடிமானம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

புரோநோட்டில் தொகை எண்ணாலும் எழுத்தாலும், தேதி, வட்டி விகிதம், உங்கள் பெயர் ஆகியவை இருக்க வேண்டும்; வருவாய் முத்திரைத்தலையின் (ரெவின்யூ ஸ்டாம்ப்) குறுக்கே அவர் கையெழுத்து விழ வேண்டும். முத்திரைத்தலை இல்லாத மற்றப் பல ஆவணங்களைத் தண்டம் கட்டிச் சரிசெய்துகொள்ள முத்திரைச் சட்டம் இடம் தருகிறது. புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு ரூபாய்த் தலையை ஒட்டாததால் ஆவணம் முழுவதும் வீணாகிவிடும்.

காசோலை இன்னும் வலுவானது. செலாவணி முறிச் சட்டம், 1881-இன் 138-ஆம் பிரிவின்படி, பணமில்லாமல் திரும்பிய காசோலைக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வழக்கை உங்கள் வங்கிக் கிளை இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே தொடரலாம் என்பது வெளியூர்க்காரருக்கு விற்றவர்களுக்குப் பெரும் வசதி. ஆனால் இங்கே நாட்கணக்கு மிகக் கண்டிப்பானது. காசோலையை அதன் தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் ஜூன் 3 அன்று உங்களுக்குக் கிடைத்தால் ஜூலை 3-க்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அவர் அதை ஜூலை 5 அன்று பெற்றால் 15 நாள் அவகாசம் ஜூலை 20 வரை ஓடும். அதற்குள் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள், அதாவது ஆகஸ்ட் 20-ஐத் தாண்டாமல், புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும்.

சிறு பாக்கிகளில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 30,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தவர், பிறகு 10,000 ரூபாயை யு.பி.ஐ.யில் அனுப்பிவிடுகிறார், விற்றவரோ அதே 30,000 ரூபாய்க் காசோலையை வங்கியில் போடுகிறார். இடையில் பகுதிப் பணம் வந்திருந்தால் அதைக் காசோலையிலேயே குறிப்பிட்டு மீதிக்கு மட்டுமே போட வேண்டும், இல்லையேல் 138-ஆம் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. இதற்கு எளிய வழி, ஒரே பெரிய காசோலைக்குப் பதிலாகத் தவணைக்கு ஒன்றாகச் சிறு காசோலைகளைப் பெறுவது. ஒரு தவணை பணமாக வந்துவிட்டால் அந்தக் காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தவணைகளை ரொக்கமாக வாங்கும்போது ஒரு கணக்கையும் மறக்க வேண்டாம். ஒரே விற்பனைக்கு மொத்தமாக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பல நாட்களாகப் பிரித்து வாங்கினாலும் கூட்டியே பார்க்கப்படும்.

காவல் நிலையமும் நுகர்வோர் ஆணையமும்

இரண்டும் பொதுவாக உதவாது. நுகர்வோர் ஆணையம் பொருளையோ சேவையையோ வாங்கியவருக்கானது, நீங்கள் விற்றவர். காவல் துறையைப் பொறுத்தவரை, பணம் தராமல் இழுத்தடிப்பது மட்டும் குற்றமன்று. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால், உதாரணமாகப் பணம் அனுப்பியதாகப் போலியான பரிவர்த்தனைப் படத்தைக் காட்டி வண்டியை எடுத்துச் சென்றிருந்தால், பாரதிய நியாய சங்கிதையின் 318-ஆம் பிரிவின்படி ஏமாற்றுதல் என்று புகார் தரலாம். பாதிக்கு மேல் பணம் கொடுத்த ஒருவர்மீது அந்த எண்ணத்தை நிறுவுவது கடினம்.

மக்கள் நீதிமன்றம்

மடலுக்குப் பதில் இல்லையென்றால், வழக்குக்கு முன் செல்ல வேண்டிய இடம், மக்கள் நீதிமன்றத்தை (லோக் அதாலத்) நடத்தும் வட்டச் சட்டப் பணிகள் குழு அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. நீதிமன்ற வளாகத்திலேயே இவற்றின் அலுவலகம் இருக்கும். 15100 என்ற உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். வழக்குத் தாக்கல் செய்யாமலே, கட்டணம் இல்லாமல், ஒரு மனுவை ஆவண நகல்களோடு கொடுத்தால் வாங்கியவருக்கு அழைப்பு அனுப்புவார்கள். அவரை வரவழைக்கவோ சம்மதிக்கவைக்கவோ அங்கே கட்டாய அதிகாரம் கிடையாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நீதிமன்ற முத்திரையோடு வரும் தாள், நீங்கள் அனுப்பிய அத்தனை செய்திகளும் செய்யாததைச் செய்துவிடுவதுண்டு.

சமரசம் ஏற்பட்டால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடும் இல்லை. ஆகவே, "வெளியே பேசிக்கொள்கிறோம்" என்று எழுந்துவிடாமல், தவணைத் தேதிகளையும், ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே செலுத்தத்தக்கது என்ற நிபந்தனையையும் அந்த உத்தரவிலேயே எழுதவைக்க வேண்டும். பத்தாயிரத்துக்கும் குறைவான பாக்கி என்றால், என் மதிப்பீட்டில், இந்தப் படியோடு நிறுத்திக்கொள்வது தவறாகாது.

பண வசூல் வழக்கு

சிறு தொகைக்கான வழக்கு மாவட்ட முன்சீப் நீதிமன்றத்துக்குச் செல்லும். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றம் இருக்கிறது. வாங்கியவர் வசிக்கும் ஊரில் மட்டுமன்றி, விற்பனை நடந்த ஊரிலும் வழக்கிடலாம். மதுரையில் வண்டியை ஒப்படைத்தவர் அதற்காகத் திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இத்தகைய வழக்குக்கான நீதிமன்றக் கட்டணம் 2017-இல் ஏழரை விழுக்காட்டிலிருந்து மூன்று விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 25,000 ரூபாய்க்கு அது 750 ரூபாய். வழக்கு நடக்கும்போது மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

வழக்கறிஞர் கட்டணம்தான் உண்மையான செலவு. அதைத் தவிர்க்க நீங்களே நேரில் வழக்காடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. புரோநோட்டோ, காசோலையோ, தொகை தெளிவாக எழுதப்பட்ட ஒப்பந்தமோ இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளைப்படி சுருக்கமுறை வழக்காகத் தொடரக் கேளுங்கள். அதில் எதிர்த்தரப்பினர் அழைப்பாணை கிடைத்த 10 நாட்களுக்குள் முன்னிலையாக வேண்டும். தமக்கு உண்மையான எதிர்வாதம் இருப்பதைக் காட்டி அனுமதி பெற்றால்தான் வழக்கை எதிர்த்து நடத்த முடியும். வாய்ப்பேச்சை மட்டும் நம்பிய விற்பனைக்கு இந்தக் குறுக்குவழி இல்லை. சாதாரண வழக்காகவே நடக்கும், காலமும் கூடும்.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பாணை கிடைத்தாலே பணம் வந்துவிடாது. நிறைவேற்று மனு போட வேண்டும். வாங்கியவரின் வங்கிக் கணக்கு, சம்பளத்தில் சட்டம் அனுமதிக்கும் பகுதி, அசையும் பொருள்கள் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கேட்கலாம். அவர் பெயருக்கு மாறிய அதே கார் இந்தப் பட்டியலில் முதலாவதாக இருக்கட்டும். வேறு நிதி நிறுவனத்தின் கடன் அதன்மீது ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்காகத் தன் வண்டி நீதிமன்ற அமீனாவின் பொறுப்பில் போவதைவிடப் பணத்தைக் கட்டிவிடவே பெரும்பாலானோர் விரும்புவார்கள். தர வசதியிருந்தும் தராதவரை உரிமையியல் சிறையில் வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்கு அவருடைய வசதியை நீங்கள் நிரூபிக்க வேண்டும், பெண்களைப் பணத் தீர்ப்புக்காகச் சிறையிட முடியாது. நிறைவேற்று மனுவுக்கு 12 ஆண்டுகள் வரை காலம் இருப்பதால், இன்று அவரிடம் ஒன்றும் இல்லையென்றாலும் தீர்ப்பாணை செத்துவிடுவதில்லை.

பணம் எந்தப் படியில் வந்தாலும் அன்றே ரசீது கொடுத்து, புரோநோட்டையும் மீதமுள்ள காசோலைகளையும் திருப்பிக் கொடுங்கள். தீர்ப்புக்குப் பின் நேரடியாகக் கையில் பணம் பெற்றிருந்தால், அதை நிறைவேற்று நீதிமன்றத்தில் மனுவாகத் தெரிவித்துப் பதிவுசெய்ய வேண்டும். காசோலை வழக்கு நிலுவையில் இருந்தால் அங்கும் சமரச மனு தாக்கல் செய்து வழக்கை முடித்துவைக்க வேண்டும்.